எங்கள் மாடியில் மிச்சம் கிடக்கும் வெயில்

2022 செப்டம்பருக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் பொது மீட்டர் என்று ஒன்று இருப்பதையே யாரும் பெரிதாக நினைத்ததில்லை. மடிப்பாக்கத்தில் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட்டும் அதன் மேல் நான்கு மாடியுமாக நிற்கும் சாதாரணக் கட்டடம். 24 வீடுகள், ஒரு லிஃப்ட், போர் மோட்டார், சம்ப் மோட்டார், படிக்கட்டு விளக்குகள், அவ்வளவுதான். அதுவரை வீட்டுக்கு என்ன கட்டணமோ அதுதான் பொது மீட்டருக்கும். அந்த மாதம் வந்த புதிய கட்டணத்தில் அடுக்குமாடிகளின் பொது இணைப்பைத் தனி வகையாகப் பிரித்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். நாங்கள் அதில் வரமாட்டோம். இரண்டு மாதத்துக்கு 1,400 யூனிட் ஓடுகிற மீட்டர் எங்களுடையது. பில் 11,000 ரூபாயைத் தாண்டியது. சங்கத்துக்குப் பொருளாளர் நான். மெயின்டனன்ஸை ஏற்றவேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் ஒருவர் பதில் போட்டார்: “மாடியில அவ்வளவு வெயில் சும்மா காயுதே, அதை என்ன பண்றோம்?”

அந்தக் கேள்வியில் ஆரம்பித்து, பேனல் மாட்டி, மீட்டர் ஓடத் தொடங்கும்போது 2025 பொங்கல் வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டரை வருடம். இதில் பேனல் மாட்டிய வேலை நான்கு நாள். மீதி நாளெல்லாம் எதற்குப் போயின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சோலார் போடுவது சுலபம். சேர்ந்து போடுவதுதான் கஷ்டம். அதையும் தாண்டி வந்த பிறகு, எங்கள் மாடியில் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எங்களால் பயன்படுத்த முடிந்திருக்கிறது. மிச்சம் இரண்டு பங்கு அப்படியே கிடக்கிறது.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகப் பேனல் போடலாம் என்றார். பூமியின் இந்தப் பாதியில் நிழல் வடக்கே விழும், தெற்கே பிரச்சினை இல்லை என்பது அவர் கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நான்காம் மாடி மாமிதான் அதை ஏற்கவில்லை. இருபது வருடமாக அந்த மாடியில் வடாம் பிழிபவர் அவர். “சித்திரை வைகாசியில காலம்பற ஒன்பது மணி வரைக்கும் அங்க டாங்க் நிழல்தான்மா. அதனாலதான் நான் பாயை மேற்கால போடறேன்” என்றார்.

அவர் சொன்னது சரி. சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பும். அந்த மாதங்களில் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறையும். அதனால் காலை நிழலும் மாலை நிழலும் தெற்கே சாயும். எங்கள் தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் கிழக்கு ஓரத்தில். வெயில் அதிகம் கிடைக்கிற மாதங்களிலேயே அந்த வரிசையின் ஒரு முனை நிழலில் நிற்கும். ஒரு பேனலில் பாதி நிழல் விழுந்தால் அந்தப் பேனல் மட்டும் குறைவாகத் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் மாலை போல ஒன்றோடொன்று கோத்திருப்பதால் வரிசையே தொய்ந்துபோகும். மாமியும் நானும் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது, நண்பகல், சாயங்காலம் நான்கு என்று மூன்று தடவை மாடிக்குப் போய், நிழலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டோம். மே மாதம் அதையே மஞ்சள் சாக்பீஸில் செய்தோம். வெள்ளைக் கோட்டிலும் மஞ்சள் கோட்டிலும் படாத இடம்தான் எங்கள் மாடியில் உண்மையிலேயே வெயில் காயும் இடம். அளந்தால் 1,800 சதுர அடி. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி என்று வைத்தால் 18 கிலோவாட். ஆறாயிரம் சதுர அடி மாடியில் இவ்வளவுதானா என்று எல்லோருக்கும் வருத்தம். எனக்கும்தான்.

அந்த ஒப்பந்தக்காரரோடு வேறொரு சங்கடமும் நடந்தது. ஸ்டாண்டை எப்படிப் பொருத்துவது என்று பார்க்க, தளவோட்டில் இரண்டு இடத்தில் துளை போட்டார்கள். மூடுவதாகச் சொன்னார்கள், மூடவில்லை. ஐப்பசி மழையில் கீழ்வீட்டுப் படுக்கையறைச் சீலிங்கில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம். சோலார் என்ற பேச்சே ஆறு மாதத்துக்கு நின்றுபோனது அதனால்தான். அடுத்து வந்தவர்கள் தளத்தில் ஒரு துளையும் போடாமல், கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்தினார்கள். சென்னையில் மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி கணக்குப் போடவேண்டும் என்பது கட்டுமான விதி. 2016-ல் வர்தாவைப் பார்த்த ஊர் இது, அந்தக் கணக்கை எழுத்தில் வாங்காமல் யாரும் பணம் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்தது. தனி வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கம் பொது உபயோகத்துக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. எங்கள் பொது மீட்டர் ஓடும் அளவுக்கு 6 கிலோவாட் போதும். இங்கே ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஆறுக்கு 24, இரண்டு மாதத்துக்கு 1,440. மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல் கொண்ட பேனலாக இருக்கவேண்டும். வியாபாரிகள் டி.சி.ஆர். பேனல் என்பார்கள், விலை கொஞ்சம் கூட. 3,60,000 ரூபாய்க்கு முடித்தோம். மானியம் 1,08,000 போக வீட்டுக்கு 10,500.

பத்தாயிரம் ரூபாய் பெரிய பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். 24 வீட்டில் 11 வீடு வாடகை. உரிமையாளர்களில் சிலர் துபாயில், சிலர் பெங்களூரில். “கரன்ட் பில் குறைஞ்சா லாபம் குடியிருக்கறவங்களுக்கு. நான் ஏன் போடணும்?” என்றார் ஒருவர். வாடகைக்கு இருக்கும் இன்னொருவரோ, “அடுத்த வருஷம் நான் காலி பண்ணிட்டா என் காசு?” என்றார். இரண்டு பேர் கேட்டதும் நியாயம். உலகம் முழுக்கக் கூட்டாகச் சோலார் போடும் முயற்சிகள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. பணம் போடுபவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர்.

மூன்று கூட்டம் போட்டும் தீராதது, சீட்டு என்ற ஒரு சொல்லில் தீர்ந்தது. மெயின்டனன்ஸை ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டோம். மின்கட்டணத்தில் மிச்சமாவதைத் தனிக் கணக்கில் சேர்ப்போம். வருடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் சேரும். அதில் இருந்து, போட்டவர்களுக்குக் குலுக்கல் முறையில் வருடம் ஆறு வீட்டுக்கு முதலைத் திருப்பிக் கொடுப்போம். நான்கு வருடத்தில் எல்லோர் பணமும் வந்துவிடும். அதற்கப்புறம் பேனல் சங்கத்தின் சொத்து, மெயின்டனன்ஸ் குறையும், இன்வெர்ட்டர் (பேனல் தருவதை நம் லைனுக்கேற்ற மின்சாரமாக்கும் பெட்டி) மாற்றவும் கையிருப்பு இருக்கும். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருவார்கள், இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது. இதை மறந்த சங்கங்கள் எட்டாம் வருடம் திண்டாடும். சீட்டு நம் எல்லோருக்கும் தெரியும், அதில் யார் எப்போது எடுப்பார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. துபாய்க்காரர் மறுநாளே பணம் அனுப்பிவிட்டார்.

ஆனால் அதற்குள் வேறொரு சிக்கல் எழுந்திருந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். இரண்டாம் மாடியில் ஒருவருக்கு ஏசி இரண்டு, எலெக்ட்ரிக் கார் ஒன்று. “சங்கம் மெதுவா போடட்டும். நான் என் வீட்டு மீட்டருக்கு 3 கிலோவாட் தனியா போட்டுக்கறேன், 78,000 மானியம் வருது. ஆட்சேபணை இல்லைன்னு என்.ஓ.சி. மட்டும் கொடுங்க” என்றார். நல்ல மனிதர், எதையும் மறைத்துக் கேட்கவில்லை. கொடுத்தால் என்ன என்று செயற்குழுவில் பாதிப் பேருக்குத் தோன்றியது. நான் சாக்பீஸ் கோட்டைத்தான் நினைத்தேன். 1,800 சதுர அடி. ஆளுக்கு 3 கிலோவாட் என்றால் ஆறு பேர் போட்டதும் மாடி முடிந்தது. மீதி 18 வீட்டுக்கு வெயில் இல்லை. மாடி யாருடையது? பத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் யு.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்காத பங்கு, எழுதியிருக்கிறது, மாடி 24 பேருக்கும் பொது. அதை முந்திக்கொண்ட ஆறு பேருக்கு 25 வருடம் எழுதிக்கொடுக்கச் சங்கத்துக்கு என்ன உரிமை? இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: “சரி, எல்லாருக்கும் பொதுன்னா எல்லாரும் சேர்ந்து 18 கிலோவாட்டும் போட்டு, வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்க வேண்டியதுதானே?”

அதுதான் முடியவில்லை. ஒரு பேனல் வரிசை ஒரு மீட்டரோடு சேரும். அது பொது மீட்டராக இருக்கலாம், இல்லை யாரோ ஒருவர் வீட்டு மீட்டராக இருக்கலாம். மாடியில் உண்டாகும் மின்சாரத்தை 24 வீட்டு பில்லிலும் பங்கு பிரித்துக் கழிக்கும் முறைக்கு விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதற்கு வழிமுறை வெளியிட்டது. 2024-ல் நாங்கள் விண்ணப்பித்தபோது எங்களைப் போன்ற குடியிருப்புக்கு இங்கே அந்த வழி இல்லை. அதனால்தான் 6 கிலோவாட்டோடு நின்றோம். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் போதும். மீதி 12 கிலோவாட்டுக்கு இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பணம் போட ஆள் இருக்கிறது. அந்த மின்சாரம் போய்ச் சேரத்தான் மீட்டர் இல்லை.

அந்த 12 கிலோவாட் என்னவாகும் என்று போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 48 யூனிட், வீட்டுக்கு இரண்டு. இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். சின்னதாகத் தெரியும். ஆனால் நம் கட்டணப் பட்டியல் எப்படி ஏறும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள மலிவு ஸ்லாபும் போய்விடுகிறது. 2022 கட்டணப்படி 560 யூனிட் எரித்த வீட்டுக்கு 2,430 ரூபாய். அதில் 120 கழித்து 440 ஆனால் 1,365 ரூபாய். ஒரு பில்லில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 180 யூனிட்டிலேயே வாழ்க்கையை ஓட்டும் எங்கள் முதல் மாடி ஓய்வூதியக்காரருக்கு இதில் பெரிய பலன் இல்லை, முதல் நூறு யூனிட் அவருக்கு ஏற்கெனவே இலவசம். அவர் தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்கு விலைக்குக் கொடுக்கலாம் என்றால், அப்போது அது அவருக்கும் வருமானம். இந்த இடத்தில்தான் மாடி எல்லோருக்கும் பொதுவான சொத்தாக உண்மையிலேயே மாறும்.

ஓரிடத்தில் உண்டாகும் மின்சாரத்தை இன்னோரிடத்து மீட்டரில் கழிப்பது ஏதோ புதிய வித்தை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தமிழ்நாட்டைவிட நன்றாக அதைச் செய்து பார்த்த மாநிலம் எது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுழலும், அந்த யூனிட் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் பில்லில் கழியும். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மின்சாரத்துக்குப் பெயர் எழுதியா அனுப்புகிறார்கள்? அங்கே லைனில் விட்டது இவ்வளவு, இங்கே எடுத்தது இவ்வளவு என்ற கணக்குத்தான். அதற்கு லைன் வாடகையும் வசூலிக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் தூரம் நான்கு மாடிதான். அந்த வாடகையைக் கொடுக்க நாங்களும் தயார்.

மில்லுக்கு மட்டும்தான் அது முடியும் என்பதும் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. 1 கோடியே 55 லட்சம் ரூபாய், அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று எங்கே உண்டோ அங்கே, உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுத்தினார்கள். ஊரின் தேவை போக மிஞ்சியது மின்வாரியத்துக்கு விற்பனை. ஒரு கிராம ஊராட்சி மின்சாரம் விற்று வங்கிக் கடன் அடைத்தது நம் மாநிலத்தில் நடந்த கதை.

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊர். 2016-ல் ஆறு விவசாயிகள் சோலார் பம்பு வைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாசனம் இல்லாத நாளில் பேனல் தரும் மின்சாரத்தை விநியோக நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசுக்கு 25 வருடம் வாங்க ஒப்பந்தம். பதிலுக்கு, மானிய விலை மின் இணைப்புக் கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பேரம் மிகவும் பிடித்தது. இரு பக்கமும் எதையோ கொடுத்து எதையோ பெற்றிருக்கிறது. மின் நிறுவனங்களுக்கும் கவலை இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. அதிகம் கட்டுகிற வீடுகள் எல்லாம் சோலாருக்குப் போய்விட்டால், இலவச யூனிட்டுக்கும் கம்பி மாற்றுவதற்கும் லைன்மேன் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? அது உண்மையான கேள்வி. நியாயமான லைன் வாடகை அதற்குப் பதில் என்று நான் நினைக்கிறேன். வழியே இல்லை என்று வைத்திருப்பது பதில் ஆகாது.

சட்டத்தில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003 மின்சாரச் சட்டம் சொந்த உபயோக மின்நிலையத்துக்குத் தரும் விளக்கத்தில், கூட்டுறவுச் சங்கமோ நபர்களின் குழுவோ தன் உறுப்பினர்களுக்காக அமைக்கும் நிலையமும் சேரும் என்று எழுதியிருக்கிறது. 2005 விதிகள், உரிமையில் குறைந்தது 26 சதவீதமும் உபயோகத்தில் குறைந்தது 51 சதவீதமும் உபயோகிப்பவர்களுடையதாக இருக்கவேண்டும் என்று சொல்லி, கூட்டுறவு என்றால் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து அதை நிறைவேற்றினால் போதும் என்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நடைமுறையில் அந்தக் கதவு உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளின் உயரத்துக்குச் செய்தது. 12 கிலோவாட்டை வைத்துக்கொண்டு 24 வீட்டுக்காரர்கள் அதில் நுழைய முடியாது.

நம்மவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டிய ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரன்ட் இல்லை. சோலாருக்குக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அந்த மூன்று நாளை மனதில் வைத்துத் தூக்கியவர்கள். லைனோடு சேர்ந்த சோலார் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. பேட்டரி வைத்தால் ஓடும், செலவு கூடும். மாட்டிய முதல் மாதம் ஒரு மத்தியானம் கரன்ட் போய் லிஃப்ட் நின்றதும், “இவ்வளவு வெயில் அடிக்குது, ஏன் நின்னுச்சு?” என்று எட்டு வீட்டில் இருந்து எனக்குப் போன். கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது என் தப்பு.

இப்போது வாரம் ஒரு காலை, ஆறரை மணிக்கு முன்னால், குழாயும் நீளக் கழி மாப்பும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். மெட்ரோ வேலை நடக்கும் சாலை பக்கத்திலேயே இருப்பதால் பேனல் மேல் புழுதி மாவு போலப் படிகிறது. வெயில் ஏறினபின் தண்ணீர் விட்டால் சூடான கண்ணாடிக்கு ஆகாது, கறையும் நிற்கும். பதினொரு பேனல், அரை மணி நேரம். வேலைக்கு வரும் பெண் சில நாள் கூட வந்து மாப்பைப் பிடிப்பாள். அவள் வீடு பெரும்பாக்கத்தில், நகர்ப்புற வாழ்விட வாரியக் குடியிருப்பில், எட்டு மாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடி. அங்கே லிஃப்ட் நின்றால் அவள் தண்ணீர்க் குடத்தோடு ஆறு மாடி ஏறவேண்டும். ஒருநாள் இன்வெர்ட்டர் பெட்டியில் ஓடும் எண்ணை என்னவென்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் துடைத்துவிட்டு, “எங்க பிளாக்குக்கும் இது வருமாக்கா?” என்றாள்.

பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் எத்தனை பிளாக்குகள், எத்தனை வெறும் மாடிகள். அந்த மாடிகளை ஏதோ ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டு, வரும் பணத்தை எங்கோ கட்டுவது சுலபமாக நடந்துவிடும். அந்தந்த பிளாக்கின் குடியிருப்போர் சங்கத்துக்கே பேனல் சொந்தமாகி, முதலில் லிஃப்டும் மோட்டாரும், மிஞ்சியது அவர்கள் வீட்டு மீட்டர்களிலும் கழிந்தால்? மகளிர் குழுக்கள் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டிய ஊர் இது, கணக்கு வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்கு, “வரணும்மா” என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஏப்ரல் பொதுக்குழுவில் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று, முதல் ஆறு வீட்டுக்கான குலுக்கல். இரண்டாவது, ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு மனு. அடுக்குமாடிக்கு விர்ச்சுவல் நெட் மீட்டரிங் வேண்டும், வாடகைக்கு இருப்பவரின் மீட்டரும் அதில் சேரவேண்டும், வாரியக் குடியிருப்புகளை முதல் வரிசையில் வைக்கவேண்டும் என்று மூன்றே கோரிக்கை. மனுவோடு எங்கள் சாக்பீஸ் வரைபடத்தையும், மீட்டர் கணக்கையும், 12 கிலோவாட்டுக்கான வீட்டுவாரிக் கணக்கையும் இணைக்கிறேன். அடுத்த தெருவில் இரண்டு சங்கங்கள் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கின்றன. நீங்கள் அடுக்குமாடியில் இருப்பவராக இருந்தால், இந்தச் சித்திரையிலேயே மாடிக்குப் போய் நிழலுக்குக் கோடு போட்டுவிடுங்கள், மார்கழியில் மறுபடி போடுங்கள். பொது மீட்டரின் கடைசி ஆறு பில்லை எடுத்துவையுங்கள். ஆணையம் கருத்துக் கேட்புக்கு அழைக்கும்போது ஒவ்வொரு கட்டடமும் தன் கணக்கோடு வந்து நிற்கவேண்டும்.

மாமி போன வாரம் வடாம் போட்டார். பாய் இப்போது அந்த 12 கிலோவாட் இடத்தில்தான் விரிந்திருக்கிறது. பேனல் வந்தால் எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார், மேற்குச் சுவர் ஓரம், நாலுக்கு எட்டு அடி.